பதினோரு நிமிடம் கூடுதல்

அப்பா பிணமாக நடித்த நாற்பது வருடத்துக்கு முந்தைய பேய்ப்படம் டிவிடியாக வந்திருந்தது. விலை இரண்டாயிரம் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வாரம்கூட ஓடாத படத்துக்கு இது பகல்கொள்ளை இல்லையா?"

"புதுசா பதினோரு நிமிஷம் சேர்த்திருக்காங்க, சார்" என்றார் கடைக்காரர்.

அம்மாவுக்காக வாங்கிவந்து போட்டேன். சேர்த்த காட்சியில் அப்பா கதவருகே நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைப்பையில் செல்போன் இருந்தது. படம் வெளிவந்த மறுமாதமே, முப்பத்திரண்டு வயதில், அவர் இறந்துவிட்டார்.

அம்மா எழுந்து டிவி முன்னால் போய் நின்றாள்.

"இத்தனை வருஷமா இங்கதான் நடிச்சிட்டு இருந்தீங்களா? ரெண்டு புள்ளைங்கள தையல் மெஷின மிதிச்சே வளர்த்தேன். ஒரு எட்டு வீட்டுக்கு வந்து பாக்க முடியல?"

படத்தில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.