கட் சொன்ன பிறகும்

"கட் சொன்ன பிறகு அங்க என்னடி பார்வை?"

எடிட்டர் திரையைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவள் ஷூட்டிங்கில் இருந்தாள். படத்துக்கு ஒளிப்பதிவு அவர் மனைவி. எடிட்டிங் அறையில் இருந்தது அவரும் ஒரு டேபிள் ஃபேனும்தான்.

திரையில் ஹீரோவின் க்ளோஸ்-அப். வசனத்தைச் சொல்லி முடித்துத் தோளைத் தளர்த்திவிட்டான். ஷாட் அதோடு சரி. ஆனால் கேமரா நிற்கவில்லை. அவன் நேராக லென்ஸைப் பார்க்கிறான். என்னவோ சொல்கிறான். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறான்.

லென்ஸுக்குப் பின்னால் யார்? இவர் பெண்டாட்டி!

எண்ணிப் பார்த்தார். குறைந்தது பத்து விநாடி.

அடுத்த ஷாட்டைப் போட்டார். லோ ஆங்கிள். ஏற்கெனவே ஆறடி ஆள், கீழேயிருந்து எடுத்ததில் ஒன்பதடிக்கு நின்றான். கண்ணில் பளிச்சென்று ஒரு சொட்டு வெளிச்சம் வேறு. அதிலும் வசனம் முடிந்து பத்து விநாடி. அதே இளிப்பு.

"என்னை ஒரே ஒரு தடவை போட்டோ எடுத்தா. அதுவும் மாடியில நின்னு, டாப் ஆங்கிள்ல. சொட்டைதான் தெரிஞ்சுது" என்று ஃபேனிடம் முறையிட்டார்.

அது தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

மற்ற நடிகர்கள் என்றால் இந்த வம்பே கிடையாது. தோள் தளர்ந்ததும் அவர் கை தானாக வெட்டிவிடும். பதினைந்து வருஷப் பழக்கம். வெட்டியதற்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இந்தப் பயல் வந்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது, வயிறு எரிய ஆரம்பித்துவிடுகிறது.

என்ன பேசிக்கொள்கிறார்கள் என்றும் தெரியவில்லை. வசனம் தனி மைக்கில் பதிவாகித் தனியாக வரும். கேமராவில் விழுவது வெறும் இரைச்சல். அதை முதல் நாளே அடைத்துவிட்டுத்தான் வேலையில் உட்காருவார்.

போன படத்தில் ஒரு அழுகைக் காட்சி. பொசுக்கென்று முடிந்த மாதிரி இருந்தது. "எடிட்டர் சொதப்பிட்டான்!" என்று டைரக்டர் ஐம்பது பேர் முன்னால் கத்தினார். அன்றைக்குச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, இனிமே இப்படி ஆகாது" என்று சொன்னவளா இவள்?

போன் அடித்தது. தயாரிப்பாளர்.

"உங்க வீட்டம்மா போனை எடுக்கலை. ஷூட்டிங்ல இருப்பாங்க போல. நீங்களே சொல்லிடுங்க. அடுத்த பெரிய படம், இதே ஹீரோதான். அவங்களையே கேமராவுக்குப் போட்டுடவா?"

ஆறு மாசமாக அவள் வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்த படம். கிடைத்தால் பையனோடு ஒரு வாரம் கடற்கரைக்குப் போகலாம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

இதே ஹீரோதான். அந்த வார்த்தைதான் அவர் காதில் நின்றது.

"வேண்டாம் சார்."

"ஏன்யா?"

"பையனுக்குப் பரீட்சை வருஷம். கேட்டா வேண்டாம்னு சொல்லிடச் சொன்னா."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவருக்கே ஆச்சரியம்.

"அட, அதுவும் நல்லதுக்குத்தான். டைரக்டர் தினமும் புலம்பறார். எத்தனை திட்டினாலும் கட் சொன்னா கேமராவை நிறுத்த மாட்டேங்கறாங்களாம். இன்னொருத்தர் ரூம்ல காத்துக்கிட்டிருக்கார். இப்பவே அட்வான்ஸ் கொடுத்துடறேன்."

போன் வைக்கப்பட்டது.

ஆக, விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கிறது! கட்டினவனுக்குத்தான் கடைசியில் தெரிகிறது!

சாயங்காலம் அவள் வரட்டும். இந்தச் சிரிப்பையெல்லாம் வரிசையாக ஒட்டி, அவள் முன்னாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். சும்மா இல்லை, பேச்சோடு. "இது என்ன கொஞ்சல்?" என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியக்கூடாது.

ஹெட்ஃபோனை மாட்டினார். முதல் க்ளோஸ்-அப்பைத் திரும்பப் போட்டார். அடைத்து வைத்திருந்த கேமரா சத்தத்தைத் திறந்தார்.

ஹீரோ தோளைத் தளர்த்தினான்.

"கட்!" என்றது டைரக்டரின் குரல்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

கேமராவுக்கு ஒட்டினாற்போல், முணுமுணுப்பாக, அவர் மனைவியின் குரல்.

ஹீரோ லென்ஸைப் பார்த்தான். "என்னக்கா, இன்னிக்கும் பத்தா?"

"சிரிக்காதீங்க தம்பி. நீங்க சிரிச்சா அவருக்கு உதவாமப் போயிடும். நாலு... அஞ்சு..."

"ஏம்மா, கட் சொன்னது காதுல விழலையா?" டைரக்டர் கத்தினார். "காலி நாற்காலியை எடுத்தாலும் இதே கூத்து! உன்னை வச்சுக்கிட்டு..."

"ஆறு... ஏழு..."

எடிட்டர் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எட்டு... ஒன்பது... பத்து. முடிஞ்சுது சார், மன்னிச்சுக்கங்க."

பத்து முடிந்தும் இந்த ஷாட் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "தினமும் இந்தத் திட்டு தேவையாக்கா உங்களுக்கு?" ஹீரோ முன்னால் குனிந்து கேட்டான்.

அவள் சிரிப்பது கேட்டது.

"போன படத்துல அந்த அழுகைக் காட்சியில நான் சட்டுனு கேமராவை நிறுத்திட்டேன். அதுக்கு எங்க வீட்டுக்காரர் திட்டு வாங்கினாரு தம்பி. இந்தத் தடவை நானே வாங்கிக்கறேன்."