உம்மாவின் இடப்பக்கம்

ஜனாஸாவின் வயிற்றை மெல்ல அழுத்திக்கொண்டிருந்த பளீலாவின் கை, இடப்பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

உடலை மூடிய விரிப்பின் கீழே, துணி சுற்றிய அவளது விரல்களுக்கு ஓர் ஓட்டை தட்டுப்பட்டது. வட்டமாக வெட்டிய பஞ்சினால் அது அடைக்கப்பட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அடைத்து அனுப்பியிருப்பார்கள் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

கற்பிட்டி வீதியோரக் குடியேற்றத்தில் இறக்கும் பெண்களைக் குளிப்பாட்டுபவள் பளீலா. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த காலந்தொட்டு அக்கடமை அவளுடையதாகவே இருந்தது. யுத்தம் முடிந்து பலர் ஊர் திரும்பிய பின்னரும் அவள் இங்கேயே தங்கிவிட்டாள்.

பலகையில் கிடந்தவள் மர்ளியா. வயிற்றுப் புண்ணினால் மௌத்தானாள் என்றே அயலுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது.

மர்ளியாவின் தமக்கையையும் பளீலாதான் குளிப்பாட்டினாள். அவளுக்கும் இதே பக்கத்தில், இதே இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. குடலை வெட்டியவர்களுக்கு மலம் வெளியேறிப் பையொன்றில் சேர்வதற்காக வைக்கப்படும் வாய் அது.

பளீலாவின் கணவர் புற்றுநோய் விடுதியில் கிடந்த நாட்களில், அடுத்த கட்டில்காரரின் பிள்ளைகளுக்குத் தாதி ஒருத்தி விளக்கியதை அவள் செவிமடுத்திருந்தாள். பெருங்குடற் புற்றுநோய்க்கு இடம்கொடுக்கும் மாற்றம் சில குடும்பங்களில் மரபணுவோடு இறங்குகிறது; தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி இடமுண்டு; நேரத்தோடு குழாய் விட்டுப் பார்த்தால் உயிர் தப்பலாம்.

ஆயினும் ஜனாஸாவில் கண்ட குறையை வெளியே சொல்லுதல் ஆகாது. அது அமானிதம், காக்கும்படி ஒப்படைக்கப்பட்டது.

தமக்கையின் வயிற்றில் கண்டதைப் பளீலா அவ்வாறே தனக்குள் புதைத்துக்கொண்டாள். அன்று மர்ளியாவின் காதில் மட்டுமாவது போட்டிருந்தால் என்னும் எண்ணம், நீர் வழியும் பலகையைப் பார்க்கப் பார்க்க அவளைக் குடைந்தது.

திரையாகக் கட்டிய சேலைகளுக்கு அப்பால் பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ள கட்டாரால வர டிக்கட் போட்டுட்டாராம். கலியாணச் சோறு தின்ன இருந்த இடத்துல இப்ப மௌத்து வீட்டுக் கத்தம் சோறு."

"சின்ன மகள் ஷம்லாட ராசி அப்பிடி."

திரைக்கு உள்ளே வேறு எவரையும் விட மர்ளியாவின் மூத்த மகள் ஜுமானா சம்மதிக்கவில்லை. அவளே வலக்கையால் தண்ணீர் வார்த்தாள். இடக்கையை இடுப்போடு இறுக அணைத்திருந்தாள். துக்கத்தில் அப்படி நிற்கிறாள் என்று பளீலா கருதினாள்.

பளீலா குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில், தன் ஆயுளில் முதன்முறையாக அமானிதத்தை உடைத்தாள்.

"மகள், நீயும் தங்கச்சியும் கொழும்புக்குப் போய் வயித்த ஒருக்காச் சோதிச்சுப் பாருங்க. உம்மாக்கு வந்தது வேற வருத்தம்."

ஜுமானா கோப்பையைக் கீழே வைத்தாள். பளீலாவின் ஈரக்கையைப் பற்றித் தன் இடப்பக்கத்தில் வைத்தாள்.

சட்டையின் உள்ளே ஒரு பை இருந்தது. அது இளஞ்சூடாக இருந்தது.

பஞ்சை வட்டமாக வெட்டிய கை எது என்பது பளீலாவுக்கு அப்போது விளங்கிற்று.

"உம்மாட இருந்து வந்ததாம் மாமி. டாக்டர்மார் தங்கச்சியையும் கூட்டி வரச் சொன்னாங்க. நான் கூட்டிப் போகல்ல."

"ஏன்?"

"கலியாணம் முடியட்டும் எண்டுதான். தெரிஞ்சா எவன் எடுப்பான்?" ஜுமானா கோப்பையை மீண்டும் நீரில் அமிழ்த்தினாள். "அவளுக்கும் இப்ப ரத்தம் போகுது. மூலம் எண்டு சொல்லி வச்சிருக்கன்."

பளீலா திரையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ஒருத்தருக்கும் சொல்ல மாட்டீங்க," என்றாள் ஜுமானா. "அது எனக்குத் தெரியும்."

திரை அசைந்தது. சேலைகளின் இடைவெளியினூடாக, கற்பூரம் கரைத்த கிண்ணமொன்றை ஏந்தியவாறு ஒரு கை உள்ளே நீண்டது. நகங்கள் வெளுத்துப்போயிருந்தன.

"ராத்தா, இந்தாங்க," என்றது ஷம்லாவின் குரல்.

ஜுமானா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

பின்வாங்க முயன்ற கையைப் பளீலா பிடித்துக்கொண்டாள்.