சிவப்புச் சீட்டு

தான் தொட்டதற்கெல்லாம் அந்தப் பழந்துணிக் கடைக்கார அம்மாள் பின்னாலேயே வந்து சிவப்புச் சீட்டு கட்டுகிறாள் என்பது கார்குழலிக்கு இரண்டாவது கோட்டில்தான் உறைத்தது.

முதல் கோட்டில் நடந்ததைத் தற்செயல் என்று விட்டிருந்தாள். நல்ல கறுப்புக் கோட்டு, பட்டு வைத்த காலர், புருஷன் நெடுமாறனின் தோளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. விலையைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்த கையோடு இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டாள். அடுத்த வரிசைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், கோட்டின் கையில் சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. எஸ், ஓ, எல், டி என்று பெரிய எழுத்து.

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். கதிர்காமத்தில் அவள் வீட்டுக்கு அந்தப் பக்கம் மனை போட்டிருக்கிறார்கள். விற்றுப்போன மனையில் எல்லாம் கல்லின் மேல் அதைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். இங்கே கடைசியில் ஒரு இ கூடுதலாக இருந்தது. எழுதத் தெரியாதவர்கள் எழுதியது என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது இரண்டாவது கோட்டிலும் அதே சீட்டு. அதுவும் கறுப்புதான், தோளில் கொஞ்சம் தொளதொளப்பு. அதையும் விலை பார்த்துத்தான் திரும்ப மாட்டியிருந்தாள்.

வாய்க்கால் ஓரத்தில் இருந்த அந்தப் பெரிய கிடங்கு முழுக்கப் பழைய துணி. பிரான்சுக்குப் போய்விட்ட குடும்பங்கள் விட்டுவிட்டுப் போன கோட்டும் கவுனும் வரிசை வரிசையாகத் தொங்கின. மலிவாகக் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக் கலைவாணி சொல்லித்தான் வந்தாள். கலைவாணிக்கு எது மலிவு என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

சும்மா பார்த்துவிட்டுப் போகவும் முடியாது. மில்லை மூடியதிலிருந்து கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்த நெடுமாறனுக்கு, கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் வேலை அமைந்திருந்தது. வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் கறுப்புக் கோட்டோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். புதிதாகத் தைக்க நேரமும் இல்லை, கையில் வசதியும் இல்லை.

கார்குழலி ஒரு சோதனை வைத்துப் பார்த்தாள். தனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒரு நீலக் கோட்டை எடுத்தாள். விலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், மாட்டினாள், நீளமான கவுன்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அந்த அம்மாள் வந்தாள். பெயர் செல்வாம்பாள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் வீட்டு அம்மா, கடைக்கு முதலாளி. எல்லாரும் மதாம் என்று கூப்பிட்டார்கள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நீலக் கோட்டிலும் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டினாள்.

கார்குழலிக்கு வயிறு எரிந்தது. கிடங்கில் வேறு எந்தத் துணியிலும் சிவப்புச் சீட்டு இல்லை. இருந்தாலும் பொறுமையாகக் கேட்டாள்.

“மதாம், இது சோல்டா?”

“ஆமாம்மா, சோல்டுதான். இப்பத்தான் கட்டுனேன்.”

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. நல்ல துணியை ஏழைபாழைகள் கையில் கொடுக்காமல் யாருக்கோ ஒதுக்கி வைக்கிறாள், அதற்கு இந்த இளிப்பு ஒரு கேடா என்று கார்குழலி மனசுக்குள் பொரிந்தாள்.

யாருக்கு என்பதும் சற்று நேரத்தில் தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெண் உள்ளே வந்தாள். நேராகப் போய் அந்தப் பட்டுக் காலர் கோட்டை எடுத்தாள். சீட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. மதாம் ஒரு கணம் தயங்கி, கார்குழலி நின்ற பக்கம் பார்த்தாள். அப்புறம் பில் போட்டு, கோட்டை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டாள்.

திருட்டு முழி என்று கார்குழலி நினைத்தாள். வெள்ளைக்காரி வாசலைத் தாண்டியதும் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏன் மதாம், எங்களப் பாத்தா வாங்குற மூஞ்சியாத் தெரியலையா?”

“இன்னாம்மா சொல்ற?”

“நான் தொட்டதுக்கெல்லாம் வித்துப்போச்சுன்னு சீட்டு கட்டுறீங்க. வெள்ளக்காரம்மா கேட்டா அதே கோட்ட மடிச்சுக் குடுக்குறீங்க. அவங்களுக்கு மட்டும் எப்படி விக்காம இருக்கும்?”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார்குழலி மேசையில் கை ஊன்றி நின்றாள். நாளைக்கு நெடுமாறன் வெறும் சட்டையோடு போய் நின்று, வந்த வழியே திரும்பி வருவது கண்ணுக்குள் வந்துபோனது.

மதாம் கோபப்படவில்லை. ஏதோ புரிந்ததுபோல நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். மேசையைச் சுற்றி வந்து, தொளதொளப்பான கறுப்புக் கோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். மற்றவர்கள் காதில் விழாதபடி மெதுவாகப் பேசினாள்.

“வித்துப்போச்சுங்கறது இங்கிலீசுலம்மா, இதுல கடைசில ஒரு இ இருக்கு பாரு. இது பிரெஞ்சு. விலையக் கொறைச்சாச்சுன்னு அர்த்தம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊராச்சே, எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்.”

கார்குழலி சீட்டைத் திருப்பினாள். பழைய விலையை அடித்துவிட்டு, கீழே அதில் பாதிக்கும் குறைவாக எழுதியிருந்தது. இது அவளால் கொடுக்க முடிந்த விலை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“தள்ளுபடின்னா எல்லாத்துக்கும் போட்டிருக்கலாமே மதாம்” என்றாள், இறங்கிய குரலில்.

“எல்லாத்துக்கும் இல்லம்மா. நீ விலையப் பாத்துட்டுத் திரும்ப மாட்டுனதுக்கு மட்டும்தான். நேர்ல சொன்னா சங்கடப்படுவியேன்னு சீட்டா கட்டுனேன். அந்த வெள்ளக்காரம்மா எடுத்துட்டுப் போனாங்களே, அதுவும் உனக்குன்னு கட்டுனதுதான்.”