சிவப்புக் கதவு வீடு

"செத்தவங்க ஏன் அந்தச் சிவப்புக் கதவு வீட்டுக்குள்ள போகலைன்னு உங்களுக்கு யார் சொன்னது? பேரை மட்டும் சொல்லுங்க, அனுப்பிடறோம்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூன்றாவது முறையாகக் கேட்டார். அவள் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜன்னல் இல்லாத அறையில் ஏசி விறைக்க விறைக்க ஓடியது.

"யாரும் சொல்லலை சார். நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

கேட்டவர் போலீஸ் இல்லை, தயாரிப்பாளர். நாலு வருடமாக ஜனங்களை டிவி முன்னால் கட்டிப்போட்டிருக்கும் ஜாம்பி தொடர் அவருடையது. சத்தம் கேட்டால் பாய்ந்து வரும் ஜாம்பிகள், தினமும் ஒரு சிறுமி வாய்விட்டுப் பாடுகிற அந்த வீட்டை மட்டும் ஏன் தாண்டிப் போகின்றன என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கதவுப் பெயின்ட்டில் மருந்து கலந்திருக்கிறது என்றார் ஒருவர். சிறுமியே ஜாம்பிதான் என்று சத்தியம் செய்தார் இன்னொருவர்.

போன வாரம் ரசிகர் குழுவில் 'காதுக்காரி' என்ற பெயரில் இவள் ஒரு விடை எழுதினாள். அது இரண்டே நாளில் எங்கெங்கோ பரவிவிட்டது. மூன்றாம் நாள், எழுதியது யாரென்று துருவிக் கண்டுபிடித்து, அதே தொடரில் ஜாம்பிகளுக்கு மேக்கப் போடும் இவளுடைய அக்காவை, கதையை வெளியே விட்டாள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருடத் தொழில். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் அப்புறம் எந்த செட்டிலும் பிரஷ்ஷைத் தொட விடமாட்டார்கள்.

இவளுக்கு ஆத்திரம் பொங்காமல் என்ன செய்யும்? அதனால்தான் தயாரிப்பாளர் கூப்பிட்டதும் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வந்துவிட்டாள். அவள் வேலை காது பரிசோதனை. நோயாளிக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்லும் வேலை. மற்றவர்கள் காதில் விழாதது அவள் காதில் விழும்.

சிவப்புக் கதவு வீட்டைக் காட்டும்போதெல்லாம் இசைக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் ஓடுகிறது என்று விளக்கினாள். எந்நேரமும் ஒரே மாதிரி கேட்கும் சத்தத்தை ஜாம்பிகள் சட்டை செய்வதில்லை. இரண்டாம் சீசனில் அருவிக்குப் பக்கத்தில் ஒளிந்தவர்களும் அப்படித்தானே தப்பித்தார்கள்? உறுமல் சிறுமியின் குரலை மறைக்கிறது. வீட்டுக்கு அடியில் ஏதோ மெஷின் ஓடுகிறது. ஓடுகிறதென்றால் ஓட்டுகிறவர் ஒருவர் வேண்டும். அந்த வீட்டில் மெஷின் வேலை தெரிந்தவர், முதல் சீசனில் செத்துப்போனதாகச் சொன்ன சிறுமியின் அப்பா ஒருவர்தான். ஆகவே அவர் சாகவில்லை.

ஓரமாக உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கதாசிரியர் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அந்த உறுமல் எல்லா எபிசோட்லயும் இருக்காம்மா?"

தன்னை ஆழம் பார்க்கிறார் என்று அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. சீசன் வாரியாக, எபிசோட் வாரியாக ஒப்பித்தாள். அவர் ஒன்று விடாமல் குறித்துக்கொண்டார்.

தயாரிப்பாளர் மசியவில்லை. நாலு வருடமாகத் தன்னிடம்கூடச் சொல்லாமல் கதாசிரியர் பூட்டி வைத்திருக்கும் முடிவு அது. இவள் எழுதியதைக் காட்டிக் கேட்டதற்கு வரிக்கு வரி அதேதான் என்று அவரே சொல்லிவிட்டார். காது கேட்டதாம், கண்டுபிடித்தாளாம், இந்தக் கதையெல்லாம் வேறு எங்காவது போய் விடச் சொன்னார். உள்ளே இருந்த ஒருத்தி திருடிப் படித்துச் சொல்லாமல் இது நடக்காது, அக்காதான் சொன்னாள் என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் கேஸ் இல்லாமல் முடித்துக்கொள்கிறேன் என்று ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் தாளைத் தொடக்கூட இல்லை. எழுந்து நின்றாள்.

"கையெழுத்தும் இல்லை, மன்னிப்பும் இல்லை சார். நான் திருடியிருந்தா அவர் எழுதினபடியே இருக்கும். நானா யோசிச்சிருந்தா எங்கயாவது உதைக்கும். அவர் எழுதி வெச்சதைக் கொண்டாரச் சொல்லுங்க, என் முன்னாடியே படிங்க. வரிக்கு வரி ஒத்துப்போனா கேஸ் போடுங்க, நானே ஜெயிலுக்குப் போறேன். ஒத்துப்போகலைன்னா நீங்க எங்க வீட்டுக்கு வந்து அக்காவைக் கூப்பிடணும்."

தயாரிப்பாளருக்கும் ரோஷம் வந்துவிட்டது. இப்போதே எடுத்துவரும்படி கதாசிரியருக்கு உத்தரவு போட்டார்.

கதாசிரியர் எழுந்திருக்கவில்லை. பேனாவை மூடினார். அவளைப் பார்த்தார், பிறகு தயாரிப்பாளரைப் பார்த்தார்.

"நான் இன்னும் எழுதவே இல்லை சார்."