மழையையாவது என்னிடம் தள்ளு

நாலு பேரை வேலைக்குக் கூட்டி வந்து, ஒருத்தன் தலையிலேயே எல்லா மூட்டையையும் ஏற்றிய ஆள் நீங்கள்தானே?

கம்ப்யூட்டர் சிப்புக்குள் நாலு கோர்கள், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் நாலு மூளைகள். வெளியே பெனிட்டா கார் பந்தயம் ஆடுகிறாள். கடைசிச் சுற்று. அவளுடைய சிவப்புக் கார் முன்னால் போகும் காரை முட்டுகிற மாதிரி பறக்கிறது. ஆட்டத்துக்குள் மழை வேறு பிடித்துக்கொண்டது.

முதல் கோர்தான் காரை ஓட்டுகிறது, எதிராளிகளுக்காக யோசிக்கிறது, மழையையும் துளித்துளியாகக் கொட்டுகிறது. சூடு தாங்காமல் மின்விசிறி அலறுகிறது.

"அண்ணே, மழையையாவது என்கிட்ட தள்ளு. நாங்க மூணு பேரும் சும்மாதானே குந்தியிருக்கோம்?" என்றது இரண்டாம் கோர்.

"மாட்டேன்னா சொன்னேன்? விளையாட்டை எழுதினவரு எல்லாத் துளியிலயும் என் பேரைத்தான் எழுதி அனுப்பியிருக்காரு."

"கைதட்டுற கூட்டம்?"

"அதுலயும் என் பேர்தான்டா."

"பந்தியில உட்கார வெச்சு இலை போடாத கதையால்ல இருக்கு!"

வளைவில் சிவப்புக் கார் முந்தியே விட்டது. பெனிட்டா ஸ்டியரிங்கை ஒடித்தாள். அந்த நேரம் பார்த்து முதல் கோர் மழையில் மாட்டிக்கொண்டிருந்தது. திரை உறைந்தது. மறுபடி அசைந்தபோது சிவப்புக் கார் புல்வெளியில் கிடந்தது.

"இதுக்கு மூளையே இல்ல," என்றாள் பெனிட்டா. நாலு கோர்களும் கேட்டுக்கொண்டிருந்தன.

விளையாட்டை எழுதியவரே, மறுபடி உட்காருங்கள். மழையை ஒருத்தனுக்கு, கூட்டத்தை ஒருத்தனுக்கு, எதிராளிகளை ஒருத்தனுக்கு என்று பேர் போட்டுப் பிரித்துக் கொடுங்கள். சீக்கிரம் ஆகட்டும், அவள் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.