மாமனாரின் மூக்கடைப்பு

ஜன்னலைத் திறக்காதே என்று மகேஷ் சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பியதும், அவன் மனைவி சத்யப்ரியா செய்த முதல் வேலை அதை அகலத் திறந்ததுதான். எதிரே சாத்திம் மரம், நம்மூர் ஏழிலைப்பாலை, கொத்துக் கொத்தாய்ப் பூத்திருந்தது. துர்கா பூஜை முடிந்து அது பூத்தால் போதும், கொல்கத்தாவின் இந்த பெஹாலா பகுதியில் பாதிப் பேருக்குத் தும்மல்தான்.

ஹாலில் மாமனார் பரமசிவம் அடுக்கடுக்காகத் தும்மினார். சத்யப்ரியாவின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

ராட்சசி என்று நினைத்துவிடாதீர்கள், பாவம். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள், மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. வாக்கப்பட்டதோ சுத்த சைவக் குடும்பம். கல்யாணமான புதிதில் கீழ் வீட்டு வங்காளப் பெண்மணி மிதாலி பௌதி (பௌதி என்றால் அண்ணி) ஆசையாக ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொண்டுவர, பரமசிவம் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டையே கழுவிவிடச் சொன்னார்.

"இன்னொரு தடவை இந்த வீட்ல மீன் வாடை அடிச்சா, நான் திருநெல்வேலிக்கு ரயிலேறிருவேன். ஆமா!"

வயதான மனுஷரை வீட்டைவிட்டு விரட்டியவள் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? ஆகவே வருஷத்தில் மீன் சமைக்க அவளுக்கு வாய்த்தது இந்த மூக்கடைப்புக் காலம் மட்டும்தான். பெரியவருக்குக் காபிக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் தெரியாத பொற்காலம்.

அதில்தான் மகேஷ் மண்ணைப் போட்டான்.

"மாத்திரை போட்டா அப்பா நாள் பூரா தூங்கி வழியறார். இனிமே எல்லாம் இயற்கை வைத்தியம். காய்ச்சி ஆற வச்ச தண்ணில உப்பு கலந்து மூக்கைக் கழுவணும். தலகாணி உறையை வெந்நீர்ல அலசணும். வீட்டை ஈரத்துணியால துடைக்கணும். வெளிய போய்ட்டு வந்தா நேரா குளியல்."

"இதெல்லாம் யார் செய்யறது?"

"நீதான். அப்பா பாவம்டி."

மாட்டேன் என்று சொல்லத்தான் முடியுமா? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோமே என்று நொந்தபடி அத்தனையும் செய்தாள். சாயங்காலம் அவன் வரும்வரை ஜன்னலை மட்டும் திறந்தே வைத்தாள்.

பரமசிவமும் சொன்னபடி கேட்டார். சனிக்கிழமை கிடர்பூருக்குப் போய்த் பழைய துறைமுக ஆபீஸ் நண்பர்களைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. லாரிப் புழுதி ஆகாது என்றாலும் காதில் வாங்கவில்லை. திரும்பி வந்து, "சனிக்கிழமை விரதம்மா, எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று படுத்துவிடுவார். பக்தியில் மனுஷரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

தும்மல் குறைந்தது. பொற்காலம் முடிந்துவிட்டதோ என்று சத்யப்ரியா பயந்தாள். சோதித்துப் பார்க்க, ஒரு நாள் காலை சாம்பாரில் வேண்டுமென்றே பெருங்காயம் போடாமல் விட்டாள். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அப்பாடா!

மதியம் அவர் பாங்குக்குப் போன நேரம் பார்த்து, பௌதி இலிஷ் மீனை நறுக்கிக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். சீசனின் கடைசி மீன். சத்யப்ரியா கதவைச் சாத்திக்கொண்டு, வங்காளிகள் பாணியில் கடுகை அரைத்து ஊற்றிச் சமைத்தாள். குழம்பு கொதிக்கும்போதே பரமசிவம் திரும்பிவிட்டார். நல்லவேளை, நேரே குளிக்கப் போனார்.

அவசரமாக அடுப்பை அணைத்துச் சட்டியை மூடினாள். அதை எங்கே ஒளிப்பது என்று தேடுவதற்குள், தலையில் துண்டோடு அவர் சமையலறை வாசலில் நின்றார். மூச்சை ஆழமாக இழுத்தார்.

"உப்புத் தண்ணி வேலை செஞ்சுட்டும்மா. மூக்கு நல்லா தொறந்துட்டு."

அவளுக்கு உயிரே போய்விட்டது. "மாமா... தப்புதான் மாமா. ஊருக்கு மட்டும் போயிராதீங்க."

"மகேஷ் வந்துட்டானா?"

"இல்ல மாமா."

பரமசிவம் வாசல் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். உள்ளே வந்து மூடியைத் திறந்து, கரண்டியால் குழம்பைக் கிளறி, மறுபடி முகர்ந்து முகத்தைச் சுளித்தார்.

"இலிஷுக்குக் கடுகு இவ்வளவு பத்தாதேம்மா!"