நூற்றுக்கு நூறு பொருத்தம்

“‘அண்ட்’ இருக்க வேண்டிய எடத்துல ‘ஆர்’ போட்டது யாரு?”

குணசேகர் கேட்டது மொத்தக் குழுவையும்தான். விரல் மட்டும் சங்கமித்ராவை நோக்கி நீண்டிருந்தது. வைட்ஃபீல்டில் அவர் நடத்தும் திருமணப் பொருத்த ஆப் நிறுவனத்தில் அவள்தான் புதிது. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வருபவள்.

“நான் சேந்து மூணு மாசந்தான் ஆவுது சார்.”

“கெடுக்கறதுக்கு மூணு மாசம் பத்தாதா? நூத்துக்கு நூறு பொருத்தம்னு நம்ம ஆப் சொல்லுச்சாம். நம்பிப் பொண்ணு பாக்கப் போயிருக்காங்க. அங்க போனா வேற ஜாதி. போன்ல என் மானத்த வாங்கிட்டாங்க.”

“ஒரே ஜாதி ‘அண்ட்’ ஒரே படிப்புன்னு இருந்தா ரெண்டும் சரியா இருக்கணும் சார். ‘ஆர்’ போட்டா ரெண்டுல ஒண்ணு போதும். ரெண்டு பேரும் பி.இ. படிச்சிருந்தாலே நூறு மார்க் குடுத்துடும்.”

“எனக்கே பாடமா? உங்க வீட்டுல நீதான் மொத டிகிரியாமே. அதான் இந்த லட்சணம்.”

சங்கமித்ராவுக்குக் காது சுட்டது. “சும்னே இரு,” என்று பக்கத்து நாற்காலி சுனில் கன்னடத்தில் முணுமுணுத்து அடக்கினான்.

குணசேகர் விடவில்லை.

“நானெல்லாம் யார்கிட்டயும் ஜாதி கேக்கறதே இல்லம்மா. அது அசிங்கம். அதுக்குத்தான் ஆப் வெச்சிருக்கேன். இத மொதல்ல எழுதினது என் பொண்ணு அனன்யா. போன வருஷம் அவளுக்கு மாப்பிள்ளை தேடினதும் இதுலதான். கிஷோர் பேருக்கு நேரா நூறு காட்டுச்சு. நான் ஒரு வார்த்த விசாரிக்கல. தங்கமான பையன், நம்ம ஆளுங்க. அப்படி இருந்த ஆப்ப நாசம் பண்ணி வெச்சிருக்க.”

“அத ‘அண்ட்’டுன்னு மாத்திடறேன் சார். அஞ்சு நிமிஷ வேல. யாரு போட்டதுன்னு தேட வேணாம்.”

“ஏன், மாட்டிக்குவியா?”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“என் நல்லத நீ பாக்கற அளவுக்கு நான் எறங்கிடல. எந்த வரிய யாரு எழுதினாங்கன்னு கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல? எல்லார் முன்னாடியும் காட்டு. அந்த ஆளு இன்னியோட வெளிய போகணும்.”

காலையிலேயே அவள் பார்த்துவிட்டிருந்த பக்கம்தான் அது. பெரிய மனுஷன், பாவம் என்று மூடி வைத்திருந்தாள். இப்போது அந்தப் பாவமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

‘ஆர்’ வந்த தேதி போன வருஷம் பிப்ரவரி. எழுதியவர் பெயர், அனன்யா குணசேகர். அதன் பக்கத்திலேயே, தனக்குத் தானே அவள் எழுதி வைத்திருந்த ஒரு குறிப்பு:

“அப்பா கிஷோருக்கு ஓகே சொன்னதும் பழையபடி ‘அண்ட்’ போடணும். மறக்கக் கூடாது.”